ஆழமான பக்கம்

நகராட்சி நீச்சல் குளத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே புகைப்படக்காரி அனுமதி வாங்கிவிட்டாள். தண்ணீரை வடித்த குளத்தில், ஒரு காலத்தில் அங்கே நீந்தியவர்களை இறக்கி, ஆழமான பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள்.

பதினோரு பேர் வந்தார்கள். இறங்கும்வரை வாய் ஓயாமல் பேசினார்கள். சரிவில் நடக்க நடக்கக் குரல் தானாகத் தாழ்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் காய்ந்த தரையில் நுனிக்காலில் நின்றார். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

"தண்ணி போயிடுச்சுன்னு இந்த இடத்துக்கு இன்னும் தெரியல மேடம்," என்றார் காவலாளி, கொட்டாவி விட்டபடி.

கடைசி நாள் தன் அண்ணனை அழைத்தாள். பத்து வயதில் அவர் இங்கேதான் மூழ்கினார். பயிற்சியாளர் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார். அதன்பிறகு முழங்கால் அளவுத் தண்ணீரைக்கூட நம்பாதவர்.

"என்னை வெச்சு வேடிக்கை காட்டப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். பாதிச் சரிவில் சிரிப்பு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆழமான பக்கத்துக்குப் போனபோது உதடுகளை இறுக மூடி, மூச்சை அடக்கியிருந்தார்.

மேலே விளிம்பில் நின்றவள், உயர்த்திய கேமராவை இறக்கினாள்.

"அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன் அண்ணா. நீ முங்கினதைப் பாத்தேன். கத்தணும்னு நெனச்சேன், சத்தம் வரல."

அண்ணன் மூச்சை விட்டார். "தெரியும். அடியில இருந்து உன் மஞ்சள் கவுன் தெரிஞ்சுது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அம்மா கேட்டாங்க. நீ பாத்ரூம் போயிருந்தேன்னு சொல்லிட்டேன். ஏழு வயசுப் பொண்ணு, உன்னை என்ன கேக்கறது?"

முப்பத்தெட்டு வருடங்களாக ஏன் ஒருவரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணீர் கண்ணை மறைத்தது.

"அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல எடு, கால் நடுங்குது."

எடுத்தாள். கை கொடுத்து மேலே ஏற்றினாள். அவர் கை சில்லிட்டிருந்தது.

"இதை மட்டும் எங்கயும் மாட்டிடாதே," என்றார்.

கண்காட்சியில் பதினோரு படங்களை மாட்டினாள். அண்ணன் இரண்டு சுற்று வந்தார்.

"என்னோடது எங்க?"

"நீதானே வேண்டாம்னு சொன்னே?"

"சொன்னா? அப்படியே விட்டுடறதா? உங்க அண்ணியை வேற கூட்டிட்டு வந்திருக்கேன்."

மறுநாள் அவர் படத்தையும் வாசல் பக்கச் சுவரில் மாட்டினாள். அண்ணி திரும்ப வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்த மனுஷன் இவ்ளோ பயப்படுவாரா? எங்கிட்ட மூச்சு விடலையே," என்றாள்.

அண்ணன் வெளியே காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.