முன்பக்கக் கண்

முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் கவலை விட்டது என்று எவன் கிளப்பிவிட்டானோ, அவனை ஜொகூர் பாருப் பக்கம் தம்போய்க்குக் கூட்டி வந்து ஷாமளாவின் வாடகை அறையில் ஒரு வாரம் தங்க வைக்க வேண்டும். பட்டம் வாங்கி அவளுக்கு இது ஐந்தாவது வருடம். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு டிசம்பரிலும் நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். தானாக ஓடும் இயந்திரங்களைப் பற்றி ஆராய்கிறவளுக்குத் தன் பிழைப்பு எப்படி ஓடும் என்று மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் ஜப்பானில் மூன்று வருட ஆய்வுப் பணி ஒன்று கண்ணில் பட்டது. இளம் ஆய்வாளர்களுக்கென்றே ஒதுக்கிய இடம். பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். தேர்வுக் குழு நேரில் வந்து அவளுடைய வண்டி ஓடுவதைப் பார்க்கும். பிடித்துவிட்டால் வேலை அவளுக்கு.

வண்டி என்றால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைச் சுமந்துகொண்டு, ஓட்ட ஆளில்லாமல், மரங்களுக்கு நடுவே தானே போகிற வண்டி. முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் சுழலும் கருவிதான் அதன் கண். எதிரே மனிதன் வந்தால் கண்டுகொண்டு நின்றுவிடும். ஓட்டிப் பார்க்க இடம் வாங்கிக் கொடுத்தது அவள் அப்பா அர்ச்சுனன்தான். காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். மேனேஜரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். ஒத்திகையின்போதெல்லாம் வேலை முடிந்ததும் வந்து வண்டிக்கு எதிரே போய் நிற்பார். அது நின்றதும் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

குழு வருகிற அன்று காலையில் ஷாமளா போய்ச் சேர்ந்தபோது வண்டி ஜோடனையோடு நின்றது. மல்லிகைச் சரம், சக்கரங்களில் விபூதிப் பட்டை. ஆயுத பூசைக்குத் தன் டிராக்டருக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் அப்பா செய்திருந்தார். கண்ணாடிக் குமிழ் நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். அங்கே ஏன் வைத்தீர்கள் என்று கேட்டாள்.

"கீழ ரெண்டு லைட்டு கண்ணு மாதிரி இருக்கு. இதுதான நெத்தி?" என்றார்.

அவள் ஈரத் துணியால் துடைத்தாள். சந்தனம் விளிம்பில் இறுகிப்போயிருந்தது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடி முழுக்க மங்கியது. வண்டி இரண்டடி நகரும், எதிரே ஏதோ இருக்கிறதென்று நின்றுவிடும். மாற்றுக் குமிழ் தூரத்தில் ஜொகூர் பாருவில் கிடக்கிறது. குழுவோ பக்கத்து ஊரான குளுவாங்கைத் தாண்டிவிட்டது.

கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும்! அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். புதுச் சட்டை போட்டு, முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு நின்றார். இன்றைக்குப் போய் இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "சரியாயிடுச்சுப்பா," என்றாள். மடிக்கணினியைத் திறந்து முன்பக்கக் கண்ணை அணைத்தாள். பாதை வண்டிக்கு மனப்பாடம். வழியில் யாரையும் விடப்போவதில்லை. நிறுத்தும் பொத்தானும் தன் கையில்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவளுடைய பேராசிரியர் குகநாதன் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

குழு வந்தது. வண்டி குலைகளை ஏற்றிக்கொண்டு அழகாகப் புறப்பட்டது. வளைவில் திரும்பியது, மேட்டில் ஏறியது. குழுவிலிருந்த ஜப்பான்காரப் பெண்மணி தலையசைத்தபடி எதையோ குறித்துக்கொண்டார். ஷாமளாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சரிவில் வண்டி இறங்கும்போது அப்பா வரப்பைத் தாண்டிப் பாதையில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. மகள் கெட்டிக்காரி என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். ஷாமளா கத்தினாள். பொத்தானை அழுத்தினாள். சக்கரம் நின்றுவிட்டது. முந்திய நாள் மழையில் ஊறிய செம்மண்ணில், சுமையோடு வண்டி வழுக்கிக்கொண்டே போனது.

அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் குகநாதன் காத்திருந்தார். குழு இன்னும் அவளைக் கைவிடவில்லையாம். ஆள் தவறி விழுந்ததாக அறிக்கை வந்தால் அவள் தேர்வில் நீடிக்கலாம். கண்ணை அணைத்தது வெளியே வந்தால் ஜப்பான் என்ன, இந்தத் துறையிலேயே அவளை யாரும் சேர்க்க மாட்டார்கள். அவளுடைய நன்மைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். தன் பெயரும் அந்த ஆய்வில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

"அப்பா, வண்டியோட கண்ண நான்தான் அணைச்சேன்."

"தெரியும்மா."

யார் சொன்னது என்று கேட்டாள்.

"யாரு சொல்லணும்? அது இறங்கி வரும்போது உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நிக்காதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு." போர்வையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டார். "எங்கள வேலை வாங்குற மண்டோர்கிட்ட, மேனேஜர்கிட்ட எல்லாம் நானே சறுக்கி உள்ள விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு லா. கால் போனது போனதுதான். நீ போகலன்னா அது எதுக்குப் போச்சு?"

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே பாழாய்ப்போன ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

சாயங்காலம் விபத்தை விசாரிக்கப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று அவளிடம் மலாயில் கேட்டார். ஷாமளா சொன்னாள். ஈரமான மண், சரிவு, அப்பா சறுக்கி விழுந்துவிட்டார். வண்டியில் கோளாறு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். நடுவில் ஒருமுறை பேச்சை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த அப்பா, சின்ன வயதில் அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது செய்வதுபோல, மேலே சொல் என்று தலையை ஆட்டினார்.