ஐடா என்று நான் வைத்த பெயர்

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. கணவனிடம் அடிபட்ட கோலார் தங்கவயல் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். முகப்பில் ஆய்வாளர் இருவர்: பெங்களூர் ஷில்பா, அடுத்தது வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குரியவரை எனக்குத் தெரியும்; இங்கே ஐடா என்று அழைக்கிறேன். அது அவர் பெயரல்ல.

2

ஐடாவும் பன்னிரண்டு வருஷம் அடி—

(இல்லை. அடியில் தொடங்கினால் வாசகர் கண் அங்கேயே நின்றுவிடும்.)

ஐடா கேள்வித்தாளைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்றார் ஷில்பா.

"இன்னா மேடம், ஞாயித்துக்கெழம புருசனுங்க வூட்லதான இருப்பானுங்க? வேலைக்கி பெங்களூர் ட்ரெய்ன் ஏறட்டும், அப்புறம் வாங்க. வூட்லயும் வேணாம். ஒட்டி ஒட்டிக் கட்டுன லைன் வூட்டுச் செவுரு, நீங்க தும்முனா பக்கத்து வூட்ல 'இயேசுவே'ம்பாங்க."

ஷில்பா சிரித்துவிட்டார். பேட்டிகள் தேவாலயத்தின் தையல் வகுப்பு அறைக்கு மாறின. 'ஏன் பிரிந்து போகவில்லை?' என்ற கேள்வியை அடித்துவிட்டு ஐடா எழுதினார்: 'போக நினைத்தபோது எங்கே போயிருக்க முடியும்?' அதற்குத்தான் பெண்கள் வாய் திறந்தார்கள்.

3

அறிக்கை முடிந்தது. பாதிக்கப்பட்டவர் பெயர், அவரே ஆய்வாளராக இருந்தாலும், அச்சாகக் கூடாது என்றது நெறிமுறைக் குழு.

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா," என்றார் ஷில்பா. "உங்க வீட்டுக்காரர் இங்க பக்கத்துல நந்திதுர்க்லதானே இருக்காரு? பேரப் பாத்துட்டா?"

"கேள்வி போட்டது நானு. கேட்டதும் நானு. பேரு மட்டும் வேணாமா? எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு மேடம். கேஜு லிப்ட்ல சொரங்கத்துக்குள்ள எறங்கறதுக்கு முன்ன பேர எழுதிக்குவாங்க. ஷிப்டு முடிஞ்சி மேல வரலன்னா அந்தப் பேர வெச்சித்தான் தேடுவாங்க. பேரில்லாதவள யாரு தேடுவா?"

அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

(இந்த வரியை ஐடாவிடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி அடித்தார். "நடுங்கல. நடுங்குனது நீங்க.")

4

முடிவு ஒன்று: பெயர் அச்சாகிறது. ஒருநாள் அவன் கதவைத் தட்டு— (எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: பெயர் இல்லை. ஐடா பத்திரமாக இருக்கிறார். கூட்டத்தில் ஷில்பாவுக்குக் கைதட்டு— (இதையும்.)

"கதையிலயாவது எம்பேர போடுவீங்களா?" என்று நேற்று ஐடா கேட்டார். போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டு, மறுபடி அழித்தேன். குழு செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், அதே நல்லெண்ணத்தோடு.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம்தான். ஆனால் நாளைக்கே அவர் மேலே வராமல் போனால், நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?