கரைக்குக் கூட்டி வந்தவன்

"இதில எது புயல்?" என்று கேட்டார் ஹுனைஸ்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பேரியான களப்புமாக இருந்த உச்சமுனைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் சாய்ந்தபடி, மைத்துனன் நஜாத் நீட்டிய கைபேசியை வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். வங்காள விரிகுடாவில் ஒரு புள்ளி. அதிலிருந்து அவிழ்ந்த கூந்தல் மாதிரி ஐம்பது கோடுகள் மேற்கே பரந்து கிடந்தன. சில வடக்கே வளைந்து இந்தியாவுக்குப் போயின. சில இலங்கைத் தீவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு புத்தளத்துக்கு மேலால் கடலில் இறங்கின.

"எல்லாம் ஒரே புயல்தான் மச்சான். அது போகக்கூடிய வழிகள் இந்தக் கோடுகள்."

"அப்ப எந்த வழியால போகுமெண்டு ஒங்களுக்குத் தெரியாது."

நஜாத் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கொழும்பில் ஓர் ஆய்வு நிலையத்தில் புயல்களைக் கணிப்பதுதான் அவன் வேலை. ஒரு காலத்தில் நாளை புயல் எங்கே நிற்கும் என்று சொல்வதில் இருந்த அளவு பிழை, இப்போது மூன்று நாள் கழித்து எங்கே நிற்கும் என்று சொல்வதில்தான் வருகிறது. கூட்டங்களில் அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை ஏறும். இந்தக் கரையில் அந்தப் பேச்சு எடுபடாது. போன தடவை அவன் சொல்கேட்டு இந்தக் குடும்பம் இறால் நன்றாகப் படுகிற காலத்தில் தொழிலை விட்டு மறுகரைக்கு வந்தது. புயல் இந்தியாப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஒரு சாரல்கூட விழவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு இங்கே 'புயல் நஜாத்' என்று பேர். அவனும் சிரித்துக்கொள்வான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கடல் அளவுக்கு மீறிச் சுட்டுக்கிடந்தது. முன்பெல்லாம் ஒரு தாழமுக்கம், அதாவது காற்றழுத்தத் தாழ்வு, புயலாகப் பழுக்க நாட்கள் எடுக்கும். இப்போது காலையில் சாதுவாக நிற்பது மறுநாள் விடியும்போது அசுரனாகி நிற்கிறது. அதைக் கணினிகள் இன்னும் தவறவிடுகின்றன. ஹுனைஸின் மகள் இல்மாவுக்கோ எட்டாம் மாதம். அவள் மாப்பிள்ளை கட்டாரில். கடல் எழும்பினால் இங்கிருந்து கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குத் தோணி ஓடாது. வலி கண்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விதான் கொழும்பிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கதைச்சிக்கிட்டே இரிங்க," என்றாள் மர்ளியா. நஜாத்தின் ராத்தா; கூடப்பிறந்த அக்கா, ஹுனைஸின் மனைவி. உடுப்புப் பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். "நான் புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தம்பிட ஊட்ட போறன்."

ஹுனைஸ் தோணியை நிமிர்த்தித் தள்ளி இறக்கி, அவர்களைக் கற்பிட்டித் துறையில் கொண்டுவந்து சேர்த்தார். "தோணியையும் வலையையும் ஆருக்கிட்ட உட்டுட்டு வாற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பி ஓட்டிக்கொண்டு போனார். களப்பு அப்போது கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அந்த அமைதியை நஜாத் நம்பவில்லை.

முந்தலில் அவன் வீடு பெருந்தெருவிலிருந்து சற்று உள்ளே, தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. கடல் அங்கிருந்து தூரம். அலை வராது, கல்வீடு, காற்றுக்கும் தாங்கும். அவன் மனைவி கமீலா இல்மாவுக்கு உள்ளறைக் கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள். அன்றே மழை பிடித்தது.

மறுநாள் காலை புயல் கிழக்குக் கரையில் ஏறியது. அவனுடைய கோடுகளின் நட்டநடுவே, கோடு போட்ட மாதிரியே வந்தது. பாணைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டு அதைப் பார்த்தபோது, இல்லையென்று சொல்ல முடியாது, அவனுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. ஆனால் தரையேறிய புயல் ஓடவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. சுட்ட கடலில் குடித்த தண்ணீரையெல்லாம் நாட்டின் வயிற்றில் நின்று கொட்டியது.

மழைப் படங்களும் அவனிடம் இருந்தன. இரண்டு படங்களில் உள்நாடு முழுக்கப் பெருமழையைக் காட்டும் கருநீலமாக இருந்தது. மற்றவை அவ்வளவு காட்டவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்தவன்தான். ஆனால் அவன் கண் கடலிலேயே நின்றுவிட்டது. ராத்தா இருந்தது கடலோரத்தில் அல்லவா.

"இஞ்ச வாங்களே," என்று அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து கமீலா கூப்பிட்டாள். குரலில் பதற்றமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "கானுத் தண்ணி ஊட்டுப் பக்கம் வருது."

எப்போதும் களப்பை நோக்கி ஓடுகிற அந்த வடிகால் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே குளங்களின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை அவன் கைபேசியில் வாசித்து முடிப்பதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. செம்மண் தண்ணீர். அதில் தேங்காய்களும் யாருடையதோ ஒரு கோழிக்கூடும் மிதந்து வந்தன.

பள்ளிவாசலுக்கு மட்டும்தான் மேல்மாடி இருந்தது. இல்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் கமீலாவும் தூக்கினார்கள். மர்ளியா பின்னால் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தாள். தெருவுக்கு வரும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மதகு எங்கே இருந்ததென்று தெரியவில்லை. அவன் கால் வெறும் இடத்தில் இறங்கியது. கதிரை சரிந்தது. இல்மா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, உட்டுடாதீங்க மாமா."

அவளுடைய பாரம் முழுவதும் அவன் கழுத்தில் தொங்கியது. வாய்க்குள் சேற்றுத் தண்ணீர் போனது. யாரோ கயிற்றை எறிந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மஹ்ரூப் நானா அது. கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் இல்மாவை நெஞ்சோடு அணைத்து, அவன் எப்படிப் படியேறினான் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோதும் அவனுக்கு விளங்கவில்லை.

மேலே பெண்கள் ஒரு பக்கம் துணியால் மறைப்புக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை அசைகிறது என்று இல்மா சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் மர்ளியா அழுதாள். ஹுனைஸின் தொலைபேசி ஒலிக்கவேயில்லை. பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்ததால் தப்பிய கைபேசியில் நஜாத் திரும்பத் திரும்ப அழைத்தான். ஒவ்வொரு முறையும் ராத்தா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரத்து அசர் தொழுகை முடிந்த கையோடு அவரே அழைத்தார். அவர் பெயரைப் பார்த்ததும் நஜாத் கைபேசியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சத்தமாகப் பேசினார்.

"இஞ்ச காத்து அடிச்சிச்சிதான். குசினித் தகடு ரெண்டு பறந்திட்டு. வேற ஒண்டுமில்ல. நீங்க எல்லாரும் சுகமா?"

"சுகம்," என்றாள் மர்ளியா. கொஞ்சம் பொறுத்து, "பள்ளில ஈக்கிறம்," என்றாள்.

"பள்ளிலயா? என்னத்துக்கு?"

அவள் கைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள். "நீயே சொல்லு."

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஹுனைஸ் ஒன்றைத்தான் கேட்டார்.

"புள்ள?"

"நல்லா ஈக்கிறா மச்சான்."

"சரி. அவளத் தனிய உட்டுடாதீங்க." அவ்வளவுதான். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை விட்டது. மேற்கே வானம் வெளுத்தது. மஹ்ரூப் நானா ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு அவனருகில் வந்தார். "தம்பி, நீங்க இந்த வேலதானே செய்றீங்க. இனி வத்தும்தானே? சனம் ஊடுகளப் பாத்துட்டு வரப் போறமெண்டு நிக்கிது."

மாடியில் இருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். கொழும்பிலிருந்து நண்பன் அனுப்பிய கணக்குகள் அவன் கையில் இருந்தன. ஒன்று தண்ணீர் இறங்கும் என்றது. இன்னொன்று இனித்தான் ஏறும் என்றது. இரண்டுக்கும் நடுவில் எடுத்துச் சொல்லலாம். நேற்று மழைப் படங்களைப் பார்த்தும் அப்படித்தான் நடுவில் எடுத்திருந்தான்.

"எனக்கு நிச்சயமாத் தெரியாது நானா," என்றான். "ஆனா உள்ளுக்குப் பேஞ்ச தண்ணி முழுக்க இன்னும் வந்து சேரல்ல. நானெண்டா இந்தப் புள்ளயக் கீழ எறக்க மாட்டன்."

சிலர் இருந்த இடத்திலேயே திரும்ப அமர்ந்தார்கள். இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி படியிறங்கிப் போனார்கள். அவன் தடுக்க எழுந்தான். எதைச் சொல்லித் தடுப்பது? மர்ளியா அவனைப் பார்க்காமலே சற்று ஒதுங்கி, சுவரில் அவன் சாய இடம் விட்டாள்.

அவன் சாயவில்லை. படியின் மேல்முனையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குள் மறைந்துபோயிருந்தது. அதில் வளர்த்த சிவப்பு மீன்கள், மனிதர்கள் வரிசையாக நின்று தொழுகிற இடத்துக்கு மேலால், வழி தெரியாமல் மெதுமெதுவாக நீந்திக்கொண்டிருந்தன.