ஏழாவது அடி

இடி என்றால் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். வயது அறுபத்திரண்டு, மூட்டு வலி, சர்க்கரை எல்லாம் உண்டு. ஆனாலும் பழைய கூட்டாளிகளுக்கு இன்றைக்கும் அவர் இடிதான். சாக்ஸபோன் வாசித்தவர் ஊதல். ஆர்கன் வாசித்துக்கொண்டே எல்லாரையும் கட்டி மேய்த்தவர் தலைவர். போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஒலிப்பதிவுப் பொறியாளர். அப்பாவின் முதல் ஆல்பத்தை மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று இரண்டு பேரையும் தன் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஊதலின் பக்கத்தில் உட்கார இடிக்குக் கொஞ்சம் உதறல்தான்.

ஸ்பீக்கரில் சத்தம் வந்ததும் அந்தப் பழைய அறையே கண்முன் வந்துவிட்டது. அச்சகத்தின் மாடி. கீழே இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பதிவு. சுவரெல்லாம் வீட்டிலிருந்து தூக்கிவந்த போர்வைகள், மூக்கு முழுக்க மை வாசனை. ஜாஸும் இல்லை, ராக்கும் இல்லை, இரண்டுங்கெட்டானாக ஒன்றை வாசித்துக்கொண்டு உலகத்தையே புரட்டிப் போடப்போவதாக நினைப்பு வேறு. என்ன கொழுப்பு, என்ன சந்தோஷம்! அப்புறம் ஊதல் போனார், சின்தசைசர் வந்தது, உருப்படிகள் நீண்டன, மேடைகள் பெரிதாயின, வாசிப்பு சுத்தமானது. ஆனால் இந்தத் துள்ளல் அடுத்த ஐந்து ஆல்பங்களில் ஒன்றில்கூட இல்லை. இடிக்குக் கண் கலங்கியது.

கடைசி உருப்படி ஆரம்பித்ததும் குனிந்து தரையைப் பார்த்தார்.

அது ஏழு அடித் தாளம். நடுவில் சாக்ஸபோன் ஓர் அடி தாமதமாக நுழையும். டேப் தீர்ந்துபோனதால் அப்படியே வெளியிட்டார்கள். விமர்சகர்கள் அதையே துணிச்சல் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். தலைவர் மட்டும் மசியவில்லை. "ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் எனக்கு எதுக்கு?" என்று ஊதலைக் கழற்றிவிட்டார்.

நடந்தது வேறு. ஆறாவது அடியிலிருந்து ஒன்றுக்குத் தாவியவர் இடி. ஆர்கனும் கிட்டாரும் பழக்கதோஷத்தில் டிரம்ஸின் பின்னாலேயே போய்விட்டன. ஊதல் மட்டும் ஏழையும் எண்ணிவிட்டு நுழைந்தார். அதனால் தனியாகத் தெரிந்தவர் அவர்தான். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இடியும் பார்த்தார்.

"இந்த எடத்துல என்னமோ இடிக்குது சித்தப்பா," என்றாள் பொறியாளர் ஊதலிடம். "ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாத்தான் பதிவாகியிருக்கு. சாக்ஸ மட்டும் போடறேன்."

மேஜையில் விரலால் தட்டி எண்ணினாள். முகம் மாறியது. "நீங்க சரியாத்தானே வர்றீங்க! அப்ப டிரம்ஸ மட்டும் போட்டுப் பாப்போம்."

"அதப் போடாதம்மா," என்றார் இடி. "ஒரு அடிய விட்டது நான்தான். எனக்கு அப்பவே தெரியும்."

ஊதல், "என்னோடத இன்னொரு தடவ போடும்மா," என்றார். விரல்விட்டு எண்ணினார். ஏழு. மறுபடியும் போடச் சொன்னார். ஏழுதான்.

"வேணும்னா இப்பவே சரி பண்ணிடலாம் சித்தப்பா."

"வேண்டாம்மா. கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் ஊதல்.

"மன்னிச்சிடுடா," என்று ஆரம்பித்தார் இடி. "அப்ப வாயத் தொறந்திருந்தா என்னத் தொரத்தியிருப்பாங்க. அந்தப் பயம்தான். ஒன்னத் தொரத்துவாங்கன்னு நெனைக்கல."

ஊதல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எம் பொண்ணு சின்ன வயசுல நல்லாப் பாடுவாடா," என்றார். "கிளாஸ்ல சேத்துவிடுப்பான்னு ரெண்டு வருஷம் கெஞ்சினா. நம்ம ரத்தத்துலயே தாளம் கெடையாதும்மா, நாலு பேர் முன்னாடி அசிங்கப்படாதன்னு சொல்லி நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் அவ வீட்டுலகூடப் பாடினதில்ல."

நண்பனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை முப்பத்தெட்டு வருஷமாக இடி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவனுக்கு ஒரு மகள் இருப்பதே இப்போதுதான் அவருக்குத் தெரியும்.