வெளுத்த பக்கம்

ஆராய்ச்சி நிலையத்தில் கடலுக்குள் இறங்க உரிமம் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பவளப்பாறைகளை ஆராய்பவள். இன்னொருவன் போன வருஷம்வரை அவள் புருஷன். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. அதனால் விவாகரத்துக்குப் பிறகும் அவள் முதுகில் சிலிண்டரை மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்ப்பது அவன்தான்.

“தண்ணிக்குள்ளயே குடித்தனம் பண்ணியிருந்தா நீங்க பிரிஞ்சிருக்கவே மாட்டீங்க. அங்க வாயைத் திறக்க முடியாதே,” என்பார் படகோட்டி. நட்ட பவளத்தைப் பார்க்கக் கிளம்பிய அன்றும் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

அந்தக் கோடையில் கடல் ஆறவே இல்லை. சூடு தாங்கும் பவளங்களாகப் பார்த்துப் பொறுக்கி, தொட்டியில் வளர்த்து, வெதுவெதுப்பான நீருக்குப் பழக்கி, பாறையில் ஒட்டவைத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். வீட்டில் அதுதான் பேச்சு. கடைசியில் சண்டையும் அதுதான். ஆழமில்லாத பக்கம் சூடு அதிகம், அங்கே நடவேண்டாம் என்றான் அவன். அங்கே பிழைத்தால்தான் எங்கேயும் பிழைக்கும் என்றாள் அவள்.

இறங்கினார்கள். அடைத்த காது திறந்ததும் உடம்பின் பாரம் போயிற்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். பிறகு பாறை கண்ணில் பட்டது. ஆழமில்லாத பக்கம் அவர்கள் நட்ட பவளம் கிட்டத்தட்ட முழுக்க, சூட்டில் சாகும் நிலைக்கு வந்து, சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் படம் எடுத்தாள். அப்புறம் கேமராவைத் தொங்கவிட்டு, மணலில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலே போய் மட்டும் என்ன ஆகப்போகிறது?

அவன் காற்று அளவைக் காட்டினான். அவள் அசையவில்லை. அவன் இழுக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, காற்று இடம்கொடுத்த மட்டும் கூடவே இருந்தான். பிறகு கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

படகில் ஏறியதும் சொன்னாள்: “நீ சொன்னதுதான் சரி. அங்க நட்டிருக்கக் கூடாது.”

“அதை விடு. ஓரத்துல நாலஞ்சு வெளுக்காம, இன்னும் உயிரோட பழுப்பாவே இருக்கே, பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அந்தச் சூட்டுல தப்பிச்சதுன்னா லேசுப்பட்டதில்ல. அதுல கிளை எடுத்து வளர்க்கலாம்.”

“மறுபடியும் முதல்லேர்ந்தா? என்னால முடியாதுப்பா.”

“இன்னிக்கு யார் செய்யச் சொன்னா? கடலும் ஆறட்டும், நீயும் போய்த் தூங்கு.”

மழை வந்து கடல் ஆறியபின், உளியும் கூடையுமாக இருவரும் இறங்கினார்கள். மறுபடி சேர்ந்து வாழவில்லை. அவள் அலுப்பும் தீர்ந்தபாடில்லை. எடுத்து வந்த கிளைகளில் பாதி தொட்டியிலேயே செத்துப்போயின. மீதியைத் தினமும் காலையில் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் அவள் நிலையத்தில் தன் நாற்காலிக்குப் போகிறாள்.