தாயின் தொழில்: ஏழு மணி வேன்

படிவத்தில் எட்டாவது கேள்வி, 'தாயின் தொழில்'. பத்தாம் வகுப்பில் இருபத்தேழு பேர் அதற்கு வேன் என்று பதில் எழுதியிருந்தார்கள். பதினான்கு பேர் 'ஏழு மணி வேன்'. பதின்மூன்று பேர் 'எட்டரை வேன்'. அந்தப் பதினான்கில் ஒருவர் மட்டும் கூடுதல் பொறுப்போடு 'ஏழு மணி வேன், பின் சீட்' என்று எழுதியிருந்தார்.

நான் விருதுநகரில் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. 'மாணவர் குடும்பப் பின்னணியும் தேர்ச்சியும்' என்று ஒரு புராஜெக்ட். அதற்காக ஆமத்தூர் தாண்டி சிவகாசி ரோட்டில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போகும் தாய்மார்களை எல்லாம் 'பட்டாசுக் கம்பெனி' என்ற ஒரே கட்டத்தில் அடைத்தேன். வேன் நேரத்தை அடித்துவிட்டேன். எங்கள் பாடத்தில் இதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயர்.

காலாண்டுத் தேர்வுக் கணக்கு மார்க்கை வைத்து ஒரு பட்டைப் படம் வரைந்ததும் தலைமையாசிரியை ஆவுடைத்தாய் டீச்சருக்கு முகம் மலர்ந்தது. ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவர்.

"நான் சொன்னேம்லா தம்பி. வேன் பிள்ளைக சராசரி நாப்பத்தி நாலு. மத்த பிள்ளைக அறுபத்தி ஒண்ணு. தாய் தகப்பன் ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிட்டா வீட்டுல யாரு படிக்க வைப்பா?"

மேசையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். ஒன்பது பெயர்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு இவுகளப் பெத்தவுகள வரச் சொல்லியிருக்கேன். டி.சி. வாங்கிட்டுப் போயி தனித்தேர்வா எழுதட்டும். போன வருசம் நூத்துக்கு நூறு ரிசல்ட். வாசல்ல போர்டு பாத்தீகளா?"

பார்த்திருந்தேன். பார்க்காமல் உள்ளே வர முடியாது. கேட்டை விடப் போர்டு பெரிது.

"ஒங்க படத்த ஆபீஸ் செவுத்துல ஒட்டிட்டேன். பெத்தவுகளுக்குக் காட்டணும். காலேஜ்ல இருந்து வந்து சொன்னா நம்புவாக."

பட்டியலில் முதல் பெயர் செ. பொன்மணி. மார்க் 41. பக்கத்திலேயே ஒன்பதாம் வகுப்பு மார்க் பென்சிலில் இருந்தது: 83.

அந்த எண்பத்து மூன்று என்னோடு பைக்கில் வீடு வரை வந்தது. பொன்மணியின் தாய் தகப்பன் போன வருடமும் கம்பெனிக்குத்தான் போனார்கள். சாதி மாறவில்லை, வீடு மாறவில்லை, கம்பெனிகூட மாறவில்லை. பிறகு எது மார்க்கைப் பாதியாகக் குறைத்தது? பழைய மார்க்குகளை எடுத்துவைத்து, அடித்துவிட்ட வேன் நேரத்தை மறுபடி எழுதிப் பார்த்தேன். எட்டரை வேன் பிள்ளைகள் 58இலிருந்து 56. ஏழு மணி வேன் பிள்ளைகள் 62இலிருந்து 33. பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் ஏழு மணி.

வேன் நேரத்துக்கும் அல்ஜீப்ராவுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. மறுநாள், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் போய் நின்றேன்.

வேன்கள் நிற்பது பள்ளிக்கு எதிரே உள்ள பஸ் நிழற்குடையில். தீபாவளி சீசன் ஆர்டர். ஹாரன்மேல் ஹாரன். ஒரு வேனின் பின் சன்னலிலிருந்து ஓர் அம்மாள் கத்தினார்:

"ஏ பொன்மணி, தம்பிய ரோட்டுக்கு விட்டுறாத! மதியம் முட்டைய நீயே தின்னுறாத!"

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தபடி தலையாட்டினாள். நிழற்குடையில் பெரிதும் சிறிதுமாக இருபது பிள்ளைகள்.

"வீட்டுல இருந்துட்டு மெதுவா வரக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா பூட்டிட்டு, சாவிய இடுப்புல செருகிட்டுத்தாண்ணே வேன் ஏறும். இவன வீட்டுல விட்டா அடுப்பப் பத்த வச்சிருவான். ஒரு தடவ வச்சிட்டான்."

தம்பி பெருமையோடு என்னைப் பார்த்தான்.

"போன வருசம் என்ன செஞ்சீங்க?"

"அப்ப கேட்டு ஏழு மணிக்கே தெறந்திருக்கும்ணே. வராந்தாவுல கணக்குப் போடுவோம். நான் போர்டுல போடுவேன், இவுக பாத்து எழுதுவாக. ஜூன்ல ஒரு கொழாய் ஒடஞ்சிருந்துச்சு. நாங்கதான் ஒடச்சோம்னு புது டீச்சர் கேட்டு தெறக்குற நேரத்த எட்டே முக்காலுக்கு மாத்திட்டாக."

"கொழாய ஒடச்சது யாரு?"

"அது தானா ஒடஞ்சதுண்ணே. துரு."

அன்றே ஆவுடைத்தாய் டீச்சரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து படிக்க முடியாதா? நானெல்லாம் ரயில்லயே பேப்பர் திருத்துவேன்."

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்து திருத்திப் பாருங்க டீச்சர்."

வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தி கேட்டைத் தட்டினார். வாட்ச்மேன் பலவேசம் உள்ளே நாற்காலியில் இருந்து எழவில்லை.

"எட்டே முக்காலுக்கு முன்ன யாருக்கும் தெறக்கக் கூடாதுன்னு ஆர்டர், டீச்சர்."

"அது என் ஆர்டருய்யா!"

"அதனாலதான் மீற முடியல."

டீச்சர் என்னை முறைத்தார். நான் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு விறுவிறுவென்று நிழற்குடைக்குப் போய், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, விடைத்தாள் கட்டைப் பிரித்தார். ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. பொன்மணியின் தம்பி அவர் தோளில் சாய்ந்து விடைத்தாளைச் சத்தமாக வாசித்தான். இன்னொரு வேன் வந்தது. ஒரு தாள் பறந்து ரோட்டுக்குப் போக, நான்கு பேர் துரத்தினார்கள். எட்டு மணிக்கு எண்ணினார். மூன்று தாள் முடிந்திருந்தது. அதிலும் ஒன்றில் கூட்டல் தப்பு.

"இங்கன எப்படித்தான் படிப்பீக?" என்று பொன்மணியிடம் கேட்டார்.

"படிக்க மாட்டோம் டீச்சர்."

டீச்சர் எழுந்து, ஒரு தாளில் 'கேட்டைத் திறக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பி வழியே நீட்டினார். பலவேசம் இரண்டு முறை வாசித்துவிட்டுத் திறந்தார்.

பிள்ளைகள் வராந்தாவில் அவரவர் பழைய இடத்துக்குப் பாய்ந்தார்கள். பொன்மணி மட்டும் ஆபீஸ் சுவரில், 'வேன்: 27 பேர், சராசரி 44' என்று எழுதியிருந்த என் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். உதடு அசைந்தது.

"அண்ணே, இது தப்பு."

"எது?"

"வேன் பிள்ளைக மொத்தம் ஆயிரத்து நூத்தி எம்பத்தெட்டு. நீங்க இருபத்தேழால வகுத்திருக்கீக. எங்க வேன்ல ரெண்டு பேருக்கு அம்மை, பரிச்சையே எழுதல. இருபத்தஞ்சாலதான வகுக்கணும்? நாப்பத்தி ஏழரை வரும்."

நான் செல்போனில் போட்டுப் பார்த்தேன். 47.52. எழுதாதவர்களுக்கு முட்டை மார்க் போட்டு, அதையும் சராசரியில் சேர்த்திருந்தேன்.

"பொன்மணி, கணக்குல நீ எம்புட்டு?" என்றார் டீச்சர், தெரியாதவர் போல.

"நாப்பத்தொண்ணு, டீச்சர்."

டீச்சர் என் படத்தைச் சுவரிலிருந்து உரித்தார். ஒன்பது பெயர் கொண்ட பட்டியலையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் அடியில் செருகினார். மேசை ஆட்டம் நின்றது.

பத்து மணிக்குப் பெற்றோர்கள் வந்தார்கள். வேலைக்குப் போய்ப் பாதியில் லீவு கேட்டுத் திரும்பி வந்த பயத்தோடு முதலில் நின்றவர் பொன்மணியின் அம்மா இருளம்மாள். டீச்சர் புது நோட்டைத் திறந்து, மகளின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்:

"ஒங்க வேன் எத்தன மணிக்கு?"

இருளம்மாள் நிமிர்ந்தார்.

"ஏழு மணி, டீச்சர். பின் சீட்டு."