கால் எட்டுகிற வெப்சைட்

"எக்கா, இந்தப் பனிமலை அழகா இருக்குல்லா?" என்றாள் சாலோமி.

"அழகாத்தான் இருக்கு. பாளையங்கோட்டையில பனிமலை எங்கனட்டி இருக்கு? அதை எடு."

"அதான் போகமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள் சாலோமி. கோர்ட்டில் டைப்பிஸ்ட். பக்கத்தில், நாற்காலி நுனியில் சித்ரலேகா. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். போன வருஷம் சாலோமிக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். ஊருக்கெல்லாம் அவள் 'ஸ்கூட்டி அக்கா'. போர்டு கிடையாது, பேர் கிடையாது. கற்றுக்கொண்டவள் இன்னொருத்தியிடம் சொல்ல, அவள் தங்கச்சியிடம் சொல்ல, தொழில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு பெண்கள் கல்லூரி, தன் மாணவிகளுக்கு ஸ்கூட்டர் பயிற்சி தர ஒரு பள்ளியைத் தேடியது. விருப்பமுள்ளவர்கள் திங்கட்கிழமை காலையில் வந்து தங்கள் வெப்சைட்டைக் காட்ட வேண்டும். அந்த வாய்ப்பு மட்டும் கிடைத்துவிட்டால், வெயிலில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிய ஸ்கூட்டி அக்கா நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் எப்போதும் ஸ்கூட்டி அக்காதான். நாலு ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற மகாராஜா அண்ணாச்சியும் வருகிறாராம்.

"உன் மச்சான் சுபின் என்னமோ சாப்ட்வேர் சொன்னானே?"

"அதுல எல்லாமே செய்யலாமாம்க்கா. ஆனா மொதல்ல நெட்டுல இடம் வாங்கணுமாம். அப்புறம் பேரு வாங்கணுமாம். அப்புறம் அதுல இதைப் பூட்டி, இதுல அதை மாட்டி..."

"வண்டி ஓட்ட வந்தவகிட்ட எஞ்சினைப் பூட்டச் சொல்லுதானே! வேண்டாம்."

மறுபடி பனிமலைப் படம் போட்ட அந்த ரெடிமேட் வெப்சைட்டுக்கே வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தலைமுடி பறக்க ஸ்கூட்டரில் போனாள். அவள் முகத்தின் மேல் போன் நம்பர் போய் உட்கார்ந்தது. நம்பரை இழுத்தால் மலை கூடவே வந்தது. மலையை நகர்த்தினால் நம்பர் காணாமல் போனது. இப்படியே காப்பியும் ஆறிப்போனது.

சித்ரலேகா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"என்னக்கா, கோவமா?"

"உன் வண்டி வாங்கப் போன அன்னைக்கு என்ன சொன்னேன்?"

"மறக்குமா? வண்டிக் கடையில உங்க கொழுந்தன் உயரமா, சிவப்பா ஒண்ணைக் காட்டுனாவ. நீங்க என்னை ஏத்தி உக்காரவச்சு, 'கால் தரையில படுதா'ன்னு கேட்டிய. படல. அதோட சரி, சிவப்பு போச்சு."

"ஏன் கேட்டேன்?"

"குலவணிகர்புரம் ரயில்வே கேட்டு."

அதுதான் சித்ரலேகாவின் பரீட்சை. ரயிலுக்காக கேட் சாத்தியிருக்கும்போது, முன்னால் பஸ், பின்னால் லாரி, இடையில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நிற்க வேண்டும். ஓடும்போது எல்லோரும் ராணிதான். நிற்கும்போதுதான் விழுவார்கள்.

"இங்கனயும் அதேதான்ட்டி. அழகைப் பாக்காதே. ஒரு தப்பு நம்பரைப் போடுவோம். அதை மாத்த முடியுதா? ஒரு படத்தைப் போடுவோம். எடுக்க முடியுதா? லேப்டாப் இல்லாம, என் போன்லயே முடியுதா? எதுல முடியுதோ அதுலதான் நமக்குக் கால் எட்டுது."

பனிமலை முதல் கேள்வியிலேயே விழுந்தது. மூன்றாவதாக ஒன்றைத் திறந்தார்கள். அதில் இரண்டே நிறம். மலையும் இல்லை, வெள்ளைக்காரியும் இல்லை.

"மொட்டைத் தலை மாதிரி இருக்குக்கா."

"இருக்கட்டும். நம்பரை மாத்து."

மாறியது. படம் வந்தது, போனது. சித்ரலேகா தன் போனை எடுத்து, கட்டைவிரலால் பைய ஒரு வரியைத் திருத்தினாள். லேப்டாப்பிலும் திருந்தியிருந்தது.

"எட்டுதுட்டி!" நாற்காலி நுனியிலிருந்தவள் இப்போதுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நகரு. இனிமே நான் எழுதுதேன்."

மேலே காலியாக ஒரு கட்டம் இருந்தது. சித்ரலேகா அதில் 'உ' என்று அடித்தாள்.

"இதுக்குமா பிள்ளையார் சுழி!"

"சுழி போடாம நான் மளிகைச் சீட்டே எழுதமாட்டேன். உனக்குத் தெரியாதாக்கும்."

திங்கட்கிழமை, கல்லூரி அரங்கில் பெரிய திரை. முதலில் மகாராஜா அண்ணாச்சியின் வெப்சைட். கார்கள் பறந்து வந்து நின்றன, பாட்டு கேட்டது. மாணவிகள் கைதட்டினார்கள்.

"நல்லா இருக்கு. ஆனா சாயங்கால வகுப்புன்னு போட்டிருக்கு. எங்க பிள்ளைகளுக்குக் காலையிலதான் வசதி" என்றார் கல்லூரி முதல்வர்.

"மாத்திரலாம்மா. செஞ்சு குடுத்தவரு கோயம்புத்தூர்ல இருக்காரு. இந்தா, போன் போடுதேன்." மணி அடித்தது. கோயம்புத்தூர்க்காரர் எடுக்கவில்லை. "பிஸியான ஆளு" என்றார் அண்ணாச்சி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அடுத்து சித்ரலேகாவின் வெப்சைட். போனில் கடுகளவு தெரிந்த 'உ' இங்கே திரையை அடைத்துக்கொண்டு யானை மாதிரி நின்றது. அரங்கம் சிரித்தது.

"உங்க பள்ளிக்குப் பேரே 'உ'வா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் காலிக் கட்டம் பேர் எழுதுகிற இடம். காது மடல் சுட்டது. பின்வரிசையில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. முன்னால் பஸ், பின்னால் லாரி. சித்ரலேகா இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்கம்மா. அது சுழி. பேரு இனிமேத்தான்."

கட்டைவிரல் ஓடியது. திரையில் யானை மறைந்து எழுத்துகள் வந்தன: 'சித்ரலேகா பெண்கள் ஸ்கூட்டர் பயிற்சிப் பள்ளி'.

சிரிப்பு நின்றது. முதல்வர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இப்பவே மாத்திட்டீங்களா? அப்போ காலை ஏழு மணி வகுப்புன்னு சேருங்க."

"சேத்தாச்சு."

"மழை பெஞ்சா வகுப்பு இல்லைன்னு அன்னைக்குக் காலையிலயே போட முடியுமா? பெத்தவங்க எனக்குத்தான் போன் போடுவாங்க."

"மைதானத்துல நின்னுக்கிட்டே போடுவேம்மா. இந்தா, பாருங்க." 'இன்று மழை, வகுப்பு இல்லை' என்று திரையில் வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. இந்தத் தடவை அரங்கம் அவளோடு சேர்ந்து சிரித்தது.

முதல்வர் பக்கத்திலிருந்த இரண்டு பேராசிரியைகளிடமும் குனிந்து பேசினார். "அடுத்த வாரமே தொடங்கிருங்க சித்ரலேகா. அப்புறம், அந்தச் சுழி ஓரமா இருந்துட்டுப் போகட்டும். ஏன் எடுத்தீங்க?"

படியிறங்கும்போது மகாராஜா அண்ணாச்சி கூடவே வந்தார். "தங்கச்சி, அது என்ன சாப்ட்வேரு?"

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணாச்சி. மொதல்ல உங்களுக்குக் கால் எட்டுதான்னு பாப்போம்."

"நான் ஆறடி ஆளு தாயி!"

"உயரத்துல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே காரை நோக்கிப் போனார்.

குலவணிகர்புரம் கேட் சாத்தியிருந்தது. சித்ரலேகா பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் காலை ஊன்றி நின்று போனை எடுத்தாள். சாலோமியிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு.

"எக்கா, என்னாச்சு? கோர்ட்டுல எனக்கு ஒரு வரி ஓடல!"

"வெப்சைட்டைத் திறந்து பாரு."

மறுமுனையில் வெப்சைட் திறந்தது. அப்புறம் கோர்ட் என்றும் பாராமல் சாலோமி போட்ட கூச்சல், எதிரே தடதடத்துப் போன ரயிலையும் மீறிக் கேட்டது.

ஓரத்தில் ஒரு சின்ன 'உ'. அதற்குக் கீழே பள்ளியின் பேர். அதற்கும் கீழே: 'கல்லூரி மாணவிகளுக்கு வகுப்பு தொடக்கம். காலை ஏழு மணி. தலைமை ஆசிரியை: ஸ்கூட்டி அக்கா.'